பதில் கட்டம்

ஹமீதாவின் மகள் தமன்னாவுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. சில வருடங்களுக்கு முன் நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்கு வந்தவள், வந்த இடத்திலும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரசாங்க வேலைகள் சரியாக நடக்கின்றனவா என்று ஜனங்கள் கேட்கவும், அதிகாரிகள் பதில் சொல்லவும் ஒரு வெப்சைட். அதை வடிவமைக்கும் பொறுப்பு அவளுடையது.

"அம்மா, சும்மா ஒரு யோசனை கேக்கறேன். பதில் வராத கேள்விக்கு அந்தக் கட்டத்துல இன்னா போடலாம்? 'பரிசீலனையில் உள்ளது'ன்னு போடச் சொல்றாங்க ஆபீஸ்ல."

ஹமீதா பிரியாணிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ஒண்ணும் போடாத. காலியா வுடு."

"பார்க்க அசிங்கமா இருக்குமே."

"அசிங்கமாத்தான் இருக்கணும். அப்பத்தான் எழுதுவாங்க."

சொல்லிவிட்டு அவள் பூண்டைக் கீழே வைத்தாள். விரல் நுனியில் பூண்டின் பிசுபிசுப்போடு, எத்தனையோ வருடங்களாக நினைக்காத ஒரு சுவர் கண்முன் வந்து நின்றது. மகள் மேற்கொண்டு ஏதோ கேட்டாள். அது ஹமீதாவின் காதில் விழவில்லை.

அது கவர்னர் ஆட்சி நடந்த வருடம், எண்பத்தெட்டு. சட்டசபை கலைந்திருந்தது, எம்.எல்.ஏ. என்று யாரும் இல்லை. ஒரு குறை என்றால் எந்தக் கதவைத் தட்டுவது என்று யாருக்கும் தெரியாது. மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி போகும் வழியில், உப்பளங்களை ஒட்டிய உப்புப்பேட்டையில் ஹபீப் ஸ்டோர்ஸ் இருந்தது. பதினாலு வருடம் குவைத்தில் இருந்துவிட்டுத் திரும்பிய ஹபீப் முஹம்மது வைத்த கடை. நோட்டு, பேனா, ஆணி, பெயிண்ட், டார்ச் செல் எல்லாம் கிடைக்கும். கடையின் தெற்குச் சுவர் நேராக பஸ் ஸ்டாப்பைப் பார்த்திருக்கும். கடைக்குப் பின்னால் வீடு.

ஹமீதா அவருக்கு ஒரே பெண். அப்போது வயது இருபத்திரண்டு. தபால் வழியில் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவள் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். அதனால் கடைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, வருகிற பெண்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பாள். விதவைப் பென்ஷன், ரேஷன் கார்டு, பட்டா என்று எதுவானாலும்.

சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்றில் சின்னப்பாப்பா வந்தாள். உப்பளத்தில் உப்பு வாரும் வேலை அவளுக்கு. நாற்பது வயதிருக்கும். கிழக்குத் தெருவில், பாத்திகள் ஆரம்பிக்கும் இடத்தில் குடியிருந்தாள். அந்தத் தெருக் குழாயில் ஒன்றரை வருடமாகத் தண்ணீர் ஒழுங்காக வந்ததில்லை.

"இன்னொரு மனு எழுது பாப்பா," என்றாள் கீழே உட்கார்ந்து.

"அக்கா, ஏற்கெனவே அஞ்சு எழுதியாச்சே."

"ஆறு. ஒண்ணு நீ எழுதல, போஸ்ட்மேன் எழுதனது. எல்லாம் இன்னா ஆச்சின்னே தெரியல. கெணத்துல கல்லு போட்டாகூட ஒரு சத்தம் கேக்கும்."

புடவையைச் சற்றுத் தூக்கிக் காலைக் காட்டினாள். உப்புநீரில் நின்று நின்று கணுக்கால் வரைக்கும் வெடித்துக் கிடந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க எரியும் என்றாள். கழுவ ஒரு குடம் தண்ணீர், அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஹமீதா பேனா மூடியைத் திறந்தாள். 'உயர்திரு அதிகாரி அவர்களின் சமூகத்திற்கு' என்று எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. இதே வரியை அதே பெண்ணுக்காக அஞ்சு முறை எழுதியாகிவிட்டது. இந்தக் காகிதமும் கவரில் போய், ஒரு மேஜைக்குப் போய், ஒரு கட்டுக்குள் போய்விடும். கேட்டவளுக்கும் கேட்கப்பட்டவருக்கும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. கேட்கப்பட்டவருக்குத் தெரியுமா என்பதும் சந்தேகம்தான்.

"அக்கா, இதக் கவர்ல போடாம செவுத்துல எழுதனா இன்னா?"

சின்னப்பாப்பா அவளைப் பார்த்தாள். "எந்தச் செவுத்துல?"

ஹபீப் முஹம்மதுக்கு யோசனை பிடித்துவிட்டது. குவைத்தில் கம்பெனிக் கேம்ப் சாப்பாட்டு அறையில் இப்படி ஒரு பலகை இருந்ததாம், குழம்பில் உப்பு இல்லை என்று எழுதி வைத்தால் மறுநாள் உப்பு இருக்குமாம். கடையிலிருந்தே கறுப்புப் பெயிண்ட் எடுத்துக் கொடுத்து, தெற்குச் சுவரில் கதவு அகலத்துக்கு ஒரு பலகை அடிக்கச் சொன்னார். மேலே 'மக்கள் கேள்வி' என்று ஹமீதா எழுதினாள். கீழே ஒரு டப்பாவில் சாக்பீஸ். யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

அந்தப் பலகை மூன்று நாள்தான் இருந்தது.

முதல் நாள் நாலு கேள்வி வந்தது. இரண்டாம் நாள் ஒரு இதயம், அதில் ஓர் அம்பு. அப்புறம் ரேஷன் கடைக்காரரின் குடும்பத்தைப் பற்றி இரண்டு வரி. மூன்றாம் நாள் காலையில், கிராம அதிகாரியைப் பெயர் சொல்லித் திட்டியிருந்ததைப் படித்துவிட்டு ஹபீப் முஹம்மது ஈரத் துணியை எடுத்துக்கொண்டு போனார். துடைத்துவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தார்.

"போதும்மா. நாலு பேரு வந்து போற எடம். தொழுகைக்குப் போறப்ப இதயெல்லாம் படிச்சிட்டுப் போக முடியல."

ஹமீதாவுக்குக் கோபம் எழுதினவர்கள் மேல் வரவில்லை. தன் மேல்தான் வந்தது. சுவரைக் கொடுத்தோம், ஆனால் எப்படிக் கேட்பது என்று ஒரு வழி செய்து கொடுக்கவில்லை. திறந்து போட்ட மனையில் குப்பைதானே விழும்.

ஒரு வாரம் அவள் கையில் பென்சிலும் ஸ்கேலுமாகத் திரிந்தாள். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் கட்டம் போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். "பரீட்சைக்குக்கூட நீ இப்படி உக்காந்ததில்ல," என்றாள் அம்மா ஜுவைரியா. ஹமீதா கடைசியில் ஐந்து கட்டத்தில் வந்து நின்றாள். கேள்வி. கேட்டவர். யாரை. எந்தத் தேதி. பதில். கேட்பவர் பெயரும் தெருவும் கட்டாயம். பதில் சொல்ல வேண்டியவரின் பதவி மட்டும் போதும், பெயர் கூடாது. ஒரு கேள்வியில் ஒரு விஷயம். எழுதுவது ஒரே கை, ஹமீதாவின் கை. பதில் வந்தால் வந்தபடியே எழுத வேண்டும், ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. பதில் கட்டத்தை மற்ற நாலையும் சேர்த்த அளவுக்குப் பெரிதாகப் போட்டாள்.

சின்னப்பாப்பாவிடம் தாளைக் காட்டினாள். அவள் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள், பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. எனக்குப் படிக்கத் தெரியாதே. எங்க தெருவுல யாருக்குத் தெரியும்? எங்க கேள்விக்குப் பதில் வந்துச்சா வரலியான்னு நாங்க எப்படித் தெரிஞ்சிக்கறது?"

இது ஹமீதாவுக்குத் தோன்றவே இல்லை. முகம் சுருங்கிப்போனது. பிறகு இருவருமாகத்தான் அதற்கும் வழி செய்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் ஒரு வட்டம். பதில் வராவிட்டால் வெறும் வட்டம். வேலை பாதி ஆனால் பாதி வட்டத்தைச் சாக்பீஸால் நிரப்ப வேண்டும். முழுக்க ஆனால் முழு வட்டம். ஆனதா, பாதிதானா என்று சொல்ல வேண்டியவர் கேள்வி கேட்டவர்தான், அதிகாரி அல்ல. இந்தக் கடைசி விதி சின்னப்பாப்பா போட்டது. "நெலா மாதிரி," என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

பலகையைப் பெரிதாக்கினார்கள். கோடுகளை அழியாதபடி வெள்ளைப் பெயிண்டில் இழுத்தார்கள். வாராவாரம் கேள்விகளைக் கார்பன் வைத்துப் பிரதி எடுத்து பஞ்சாயத்து யூனியன் ஆபீஸுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புவது என்றும் முடிவாயிற்று. 'மேற்படிக் கேள்வி இன்ன தேதியிலிருந்து சுவரில் உள்ளது' என்று அடியில் ஒரு வரி.

பஸ் ஸ்டாப்பில் ஒரு கன்னிப்பெண் ஸ்டூல் போட்டு ஏறி நின்று எழுதுவதை ஹபீப் முஹம்மது ஒப்புக்கொள்ளவில்லை. ஹமீதா அதற்கும் ஒரு நேரம் கண்டுபிடித்தாள். விடிகாலை ஃபஜ்ர் தொழுகை முடிந்து, ஆறேகால் பஸ் வருவதற்கு முன்னால் அரை மணி நேரம். ஹமீதாவின் நினைவில் மிகத் தெளிவாக மிஞ்சியிருப்பது அந்த அரை மணி நேரம்தான். முக்காட்டைக் காதுக்குப் பின் செருகிக்கொண்டு நிற்பாள். கிழக்கே உப்புக் குவியல்கள் முதலில் சாம்பலாக இருக்கும், அவள் ஒரு கேள்வியை எழுதி முடிப்பதற்குள் வெளுத்துவிடும். கடல் காற்றில் சாக்பீஸ் நமத்துப்போகும் என்று முந்தைய சாயங்காலமே அடுப்பு மேடையில் காய வைத்திருப்பாள். அதனால் கையில் லேசாகக் கரி வாசனை அடிக்கும். பஸ் ஸ்டாப்பில் யாரும் வந்திராத நேரத்தில் ஊருக்காக எழுதுகிறோம் என்ற பெருமை, வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்ற கூச்சம், இரண்டும் சேர்ந்து இருக்கும் அவளுக்கு. அதற்குப் பிறகு வாழ்க்கையில் எத்தனையோ நல்ல காலைகள் வந்தன. அப்படி ஒன்று வரவில்லை. சுவரும் இப்போது இல்லை. பின்னாளில் சாலையை அகலப்படுத்தியபோது கடையின் முன்பாதியோடு போய்விட்டது.

முதல் கேள்வி சின்னப்பாப்பாவுடையது. 'கிழக்குத் தெருக் குழாயில் தண்ணீர் வராதது ஏன்?' இரண்டாவது பள்ளிக்கூடக் கூரை. மூன்றாவது, பாலத்துக்குப் பக்கத்தில் எரியாத தெரு விளக்கு. மூன்று வட்டங்களும் காலியாக இருந்தன. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம்.

ஆனால் பஸ் நின்றது. உப்புப்பேட்டையில் எல்லா பஸ்ஸும் இரண்டு நிமிஷம் நிற்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் படித்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்கு வாய்விட்டுச் சொன்னார்கள். பொம்மையார்பாளையத்திலிருந்து மீன் கூடையோடு வரும் பெண்கள், "இன்னா, அந்த வெளக்குக்குப் பதில் வந்துச்சா?" என்று கண்டக்டரைக் கேட்பார்கள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இன்னும் வரலம்மா," என்று சொல்லிவிட்டுத்தான் விசில் கொடுப்பார்.

அந்த பஸ்ஸில் தினமும் காலை ஒன்பது மணிக்கு யூனியன் ஆபீஸ் ஓவர்சியர் நடராசனும் போவார். கீழ்புத்துப்பட்டில் வீடு, மரக்காணத்தில் வேலை. முதல் சில நாள் அவரும் எல்லோரையும் போல ஜன்னல் வழியே படித்தார். பிறகு 'யாரை' என்ற கட்டத்தில் மூன்று முறை ஓவர்சியர் என்று இருப்பதைக் கவனித்திருப்பார் போலிருக்கிறது. எதிர்ப் பக்கத்து சீட்டுக்கு மாறி உட்கார்ந்தார். அங்கேயும் சத்தம் காதில் விழுந்தது. நாலாவது வாரத்தில் ஒரு நாள் உப்புப்பேட்டையில் இறங்கிவிட்டார்.

நேராகக் கடைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"பாய், இது யாரு எழுதறது?"

"ஊரு எழுதுதுங்க," என்றார் ஹபீப் முஹம்மது. "உக்காருங்க, டீ சொல்றேன்."

"டீ வேணாம். பஸ்ஸு பூரா என்னத் திரும்பிப் பாக்குது. நான் இன்னா தண்ணியக் குடிச்சிட்டனா? வெளக்கு எங்க ஆபீஸே இல்ல, அது கரண்ட் ஆபீஸ். கூரைக்கு நான் எஸ்டிமேட் போட்டு ரெண்டு மாசம் ஆவுது, மேல கையெழுத்து வரல. இதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

பக்கத்து அறையிலிருந்து ஹமீதா சொன்னாள். "அதயே எழுதிக் குடுங்க சார். அப்படியே போட்டுடறோம். ஒரு எழுத்து மாத்த மாட்டோம்."

நடராசன் அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். இரண்டு பதில் எழுதினார். விளக்குக்கு எந்த ஆபீஸை, யாரை, எப்படிக் கேட்க வேண்டும் என்று விலாசம் முதற்கொண்டு எழுதிக் கொடுத்தார். டீயும் குடித்தார்.

மறுநாள் பதில் கட்டத்தில் முதல் முறையாக எழுத்து விழுந்தபோது பஸ் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நின்றது. 'எஸ்டிமேட் போட்டு அனுப்பியுள்ளேன். மேலிடத்துக் கையெழுத்து வரவில்லை' என்ற அந்த வரி எந்த மேலிடத்துக்கு எப்படிப் போனதோ, பத்து நாளில் கூரைக்கு ஓடு வந்து இறங்கியது. நடராசன் பழையபடி இந்தப் பக்கத்து ஜன்னலுக்கு மாறினார்.

தண்ணீருக்கு மட்டும் அவர் பதில் எழுதவில்லை. "அத டேங்க் ஆபரேட்டரத்தான் கேக்கணும். அவன் சொன்னாத்தான் சரியா இருக்கும்," என்று சொல்லியிருந்தார்.

ஹமீதா 'யாரை' கட்டத்தைத் திருத்தி எழுதினாள். நாலு நாள் கழித்து, ஹபீப் முஹம்மது பிற்பகல் அஸர் தொழுகைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து மாயவன் வந்தான். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து மூடுகிறவன், ஐம்பது வயது. எழுதத் தெரியாது. தோளில் துண்டோடு வாசலில் நின்றான்.

"எனக்கு ஒரு பதில் எழுதணும்மா. சொன்னது சொன்னபடி போடணும்னு ரூல் இருக்குதாமே."

"ஆமா. சொல்லுங்க."

அவன் மனப்பாடம் செய்து வந்தவன் போலச் சொன்னான். "தெனம் காலைல அஞ்சரைலருந்து ஏழரை வரைக்கும் தண்ணி தெறந்து வுடறேன். ஒரு நாளும் கொறைக்கல. தொட்டிலருந்து கெழக்குத் தெரு வரைக்கும் பெரிய பைப்புல அனுமதி வாங்காத வூட்டுக் கொழாய் பதினொண்ணு இருக்குது. அதுங்க ரொம்பனப்புறம் மிச்சம்தான் கெழக்க போவுது. மொதல் கொழாய் இந்தச் செவுரு இருக்கற கடைக்காரரு வூட்டுது."

ஹமீதாவின் பேனா 'கடைக்காரர்' வரைக்கும் வந்து நின்றது. உள்ளே, முற்றத்துத் தொட்டியில் அம்மா துணி அலசும் சத்தம் கேட்டது. அந்தக் குழாய் அத்தா குவைத்திலிருந்து வந்த வருடம் போட்டது. திறந்தால் கை அகலத்துக்குக் கொட்டும். பெயிண்ட் பிரஷை அதில்தான் அவள் கழுவினாள். சின்னப்பாப்பாவின் கேள்வியை எழுதிவிட்டு வந்து கையைக் கழுவியதும் அதில்தான். ஒரு நாளாவது அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நினைத்தது உண்டா?

மாயவன் குரலைத் தணித்தான். "உனக்குச் சங்கடம்னா கடைசி வரிய எடுத்துடு. பதினொண்ணுன்னு மட்டும் இருக்கட்டும். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"எழுதிட்டேண்ணே," என்றாள் ஹமீதா. இன்னும் எழுதியிருக்கவில்லை. அவன் போன பிறகுதான் எழுதினாள்.

அன்று சாயங்காலம் முழுவதும் அந்தத் தாளையே கையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆள் பெயர் கூடாது என்பது விதி. கடைக்காரர் என்பது பெயரா? பெயர் இல்லைதான். ஆனால் கடை ஒன்றுதானே. எடுத்துவிடலாமா? மாயவனே சொல்லிவிட்டானே. ஆனால் ஓவர்சியருக்கு ஒரு எழுத்து மாற்ற மாட்டோம் என்று கதவுக்குப் பின்னாலிருந்து கம்பீரமாகச் சொன்னது யார்? அத்தாவிடம் கேட்கலாம் என்று இரண்டு முறை கடைப் பக்கம் போனாள். இரண்டு முறையும் அவர் ஏதோ வாடிக்கையாளரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் எழுதினாள். கடைசி வரியும் சேர்த்து. 'கடைக்காரர்' மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்தது. அழித்துத் திரும்ப எழுதினாள்.

பள்ளிவாசலிலிருந்து ஹபீப் முஹம்மது தெருக்காரர்கள் இரண்டு பேரோடு பேசியபடி வந்தார். பலகைக்கு முன்னால் நின்றார். அவர்களும் நின்றார்கள். அந்த இரண்டு பேர் வீட்டிலும் அதே மாதிரிக் குழாய் இருந்தது. ஹபீப் முஹம்மது தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டுட்டு எழுதியிருக்கலாம்லம்மா."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்கத்தா."

அவர் கல்லாவில் போய் உட்கார்ந்தார். சத்தம் போட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலை. மூன்று நாள் அவளோடு பேசாமல் இருந்தார். சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார். பஸ் வந்து நிற்கும்போது கல்லாவை விட்டு எழுந்து உள்ளே போய்விடுவார். சிரிப்புச் சத்தம் அங்கேயும் வரும்.

மூன்றாம் நாள் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். ஒருவர் கையில் சுண்ணாம்பு வாளி.

"பாய், உங்க செவுரு, உங்க பெயிண்ட்டு. ஒரு பட்ட அடிச்சி வுட்டா முடிஞ்சிது. பொண்ணு ஏதோ சின்னப் புள்ளத்தனமா பண்ணிடுச்சி."

ஹமீதா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தா வாளியைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

"அந்தக் கெழக்குத் தெருப் பொம்பளைங்க நெதம் இந்தக் கட வழியாத்தான் போவுதுங்க," என்றார். "வெள்ளையடிச்சிட்டு நான் எந்தப் பக்கம் பாத்துக்கினு உக்கார்றது?"

வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். அவர் உள்ளே வந்து ஹமீதாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். மனு எழுத வருகிறவர்கள் உட்காரும் இடத்தில்.

"என் பதிலயும் எழுது."

அவள் தாளை எடுத்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கு மின்ன கொழாய்க்கு முறையா மனு குடுத்தேன். பதிலே வரல. பொறுமை இல்லாம நானே போட்டுக்கினேன். அது தப்பு. வர்ற திங்கக்கெழம எடுத்துடறேன். என் மனுவுக்கு மட்டும் ஒரு பதில் சொல்லுங்க." நிறுத்தினார். "எழுதிட்டியா? பேரு, தெரு போட்டுடு."

ஹமீதாவுக்குக் கண் மறைத்தது. மை காய்ந்த பிறகுதான் தாளைத் திருப்பி அவரிடம் காட்டினாள். அவர் வாங்கிப் படித்துவிட்டு, "குடுத்தேன்ல ஒரு புள்ளி வுட்டுட்ட," என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை பிளம்பர் வந்து குழாயை அறுத்து அடைத்தார். அந்த வாரத்திலேயே இன்னும் நாலு வீட்டில் எடுத்துவிட்டார்கள். மீதி ஆறு பேர் அசையவில்லை. இரண்டு மாதம் கழித்து நடராசன் ஆட்களோடு வந்துதான் அவற்றை எடுக்க வேண்டியிருந்தது. அவர்களில் இரண்டு குடும்பம் ஹபீப் முஹம்மது வீட்டோடு பேச்சை நிறுத்தியது. ஒரு குடும்பம் கடைசிவரைக்கும் பேசவில்லை.

குழாய் அறுத்த மறுநாள் சின்னப்பாப்பா வந்தாள். தண்ணீர் வந்ததா என்று ஹமீதா ஆவலாகக் கேட்டாள்.

"வந்துது. ஏழு பத்துக்கு. வெரல் தண்டிதான் வருது. மூணு கொடம் புடிச்சேன்." பலகையை எட்டிப் பார்த்தாள். "பாதி வட்டம் போடு. முழுசு போட்டுடாத."

போகும்போது கல்லாவுக்கு முன்னால் நின்று, "பாய், ரெண்டு டார்ச் செல்லு குடுங்க," என்றாள். அவர் எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு பஸ் வந்தபோது அத்தா கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை என்பதை ஹமீதா கவனித்தாள்.

அதிகம் கஷ்டப்பட்டது ஜுவைரியாதான். வீட்டுக் குழாய் போய், தெருக் குழாயில் குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டி வந்தது. பத்து நாள் கணவரையும் மகளையும் மாற்றி மாற்றித் திட்டினாள். பிறகு வரிசையில் நிற்கும் பெண்களின் கதைகள் அவள் வாய் வழியாக வீட்டுக்குள் வர ஆரம்பித்தன. எந்த நர்ஸ் எந்தக் கிழமை வருவதில்லை, எந்த ரேஷன் மண்ணெண்ணெய் எங்கே போகிறது, எல்லாம். "இதயெல்லாம் எழுத மாட்டியா?" என்று மகளைக் கேட்பாள். ஹபீப் முஹம்மதின் மனுவுக்குப் பதில் வர ஏழு மாதம் ஆனது. அதுவரை அவர் பெயருக்கு முன்னால் வெறும் வட்டம் இருந்தது, பஸ்ஸில் வருகிறவர்களெல்லாம் பார்க்கும்படி.

தொண்ணூறு தை மாதம் ஹமீதாவுக்குக் கோட்டக்குப்பத்தில் நிக்காஹ் ஆனது. கிளம்பும் அன்று சாக்பீஸ் டப்பாவை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போனாள். இனி யார் எழுதப் போகிறார்கள் என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை. யாரும் இல்லை என்று சொல்லிவிட்டால்?

நாற்பது நாள் கழித்து முதல் முறையாகத் தாய்வீட்டுக்கு வந்தாள். பகல் பதினொரு மணி. வெயில் உப்பு மேட்டில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. பஸ்ஸை விட்டு இறங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

தெற்குச் சுவர் முழுக்க எழுத்து. பெரிய பெரிய எழுத்துகள், வலப்பக்கம் சாய்ந்து, சில இடங்களில் கோட்டைத் தாண்டி. ஒன்பது கேள்விகள் இருந்தன. ஸ்டூலின் மேல் ஜுவைரியா நின்றுகொண்டிருந்தாள். எட்டாம் வகுப்புக்குப் பிறகு பேனா பிடிக்காதவள், பட்டப்பகலில், பஸ் ஸ்டாப்பில் அத்தனை ஜனம் பார்க்க. முக்காடு தோளில் சரிந்திருந்தது. ரவிக்கைக் கை முழுக்க சாக்பீஸ் தூள். கீழே நின்ற மீன்காரப் பெண்மணி ஒரு வரி ஒரு வரியாகச் சொல்ல, அதைத் திருப்பிச் சொல்லிச் சொல்லி எழுதினாள்.

"அம்மா," என்றாள் ஹமீதா.

ஜுவைரியா திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது.

"வந்துட்டியா. உள்ள போய் தண்ணி குடி. இந்தக் கேள்வி மட்டும் முடிச்சிட்டு வர்றேன்."